இரண்டு மணி முதல் நாலரை வரை

பிப்ரவரி 2, 1999. செவ்வாய்.

இன்று பயிற்சி வகுப்பில் ஆபீசர் ரங்கராஜுலு எங்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஊராரின் ஒரு நாளை அரைமணி அரைமணியாக எழுதி வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் நாளை எழுதிப் பழக வேண்டுமாம். "ரெண்டு மாசம் எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம். பொய் எழுதினா உங்களுக்கே தெரியும்ல, அது போதும்" என்றார். பதினெட்டு வருஷமாகக் கணக்கெடுக்கிறவனுக்கு இது தேவையா? போகட்டும், ஒரு டைரி சும்மா கிடந்தது.

ஐந்தரைக்கு எழுந்தேன். காபி. பேப்பர். குளியல். எட்டே முக்காலுக்கு பஸ். ஆறரைக்கு வீடு. காபி. எழுதிப் பார்த்தால் அப்படியொன்றும் பெரிதாக இல்லை.

இந்த சர்வே புதுசு. இதுவரை ஆடு, மாடு, கிணறு, குடும்பச் செலவு எல்லாம் எண்ணியாயிற்று. இப்போது நேரத்தை எண்ணுகிறோம். நேற்று காலை நாலு மணியிலிருந்து இன்று காலை நாலு மணிவரை வீட்டில் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று, அரைமணிக்கு ஒரு வரியாக, ஆளுக்கு நாற்பத்தெட்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் வலது ஓரத்தில் ஒரு கட்டம், அதில் மூன்று இலக்க எண். விறகு பொறுக்க ஓர் எண், பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஓர் எண். சம்பளம் இல்லாமல் நடக்கிற வேலையெல்லாம், அதிலும் பெண்கள் செய்கிற வேலை, இத்தனை நாளும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அதைக் கொண்டுவருவதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான், நான் குறை சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் என் மனைவி விஜயா, அப்புறம் என் அக்கா சந்தானலட்சுமி. கல்யாணமாகிப் பதினோராவது மாதம் திரும்பி வந்தவள். அப்பா காலத்திலிருந்து வீட்டை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். எண் போடுவதில் எனக்கு ஒரு கை கொடுப்பாள். கணக்கில் பி.எஸ்சி. படித்தவள், அவளுக்கும் பொழுது போகணுமே.

பிப்ரவரி 5. வெள்ளி.

வேடசந்தூர்ப் பக்கம் ஓர் ஊர். வெள்ளைத்தாய் என்று ஓர் அம்மாள், முப்பத்தைந்து வயது இருக்கும்.

"நேத்து என்னம்மா செஞ்சீங்க?"

"சும்மாதான் சார் இருந்தேன்."

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். விடக்கூடாது. கடிகாரம் இல்லாத வீடு. மில் சங்கை வைத்து நூல் பிடிக்க வேண்டும்.

"முதச் சங்கு ஊதுறதுக்கு முன்னாடி எந்திரிச்சீங்களா, பின்னாடியா?"

"முன்னாடிதான். சங்கு ஊதி எந்திரிச்சா கொழாயில தண்ணி ஏது?"

"தண்ணி பிடிச்சீங்க. வேற?"

இந்த 'வேற?'தான் எங்கள் தொழிலில் முக்கியமான கேள்வி. புதுசாக வந்தவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பதில் வந்த பிறகும் ஒருமுறை கேள், அதற்கப்புறமும் ஒருமுறை கேள். கேட்கக் கேட்க மாட்டுக்குத் தீவனம் வந்தது, பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளை வந்தது, மாமனாருக்குக் காலில் மருந்து கட்டியது வந்தது. சும்மா இருந்த அம்மாளுக்கு இருபத்தொன்பது வரி வேலை.

புருஷன்காரன் கட்டிலில் உட்கார்ந்தபடி, "அவகிட்டப் போயி என்ன சார் கேக்குறீங்க? வீட்ல சும்மாத்தான இருக்கா" என்றான்.

படிவத்தை அவன் பக்கம் திருப்பினேன். "ஐயா, இது உங்க சம்சாரம் நேத்துச் செஞ்சது. இருபத்தொம்போது வரி. உங்களது பதினொண்ணு. அதுலயும் நாலு டீக்கடை."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் எழுந்து போய்விட்டான். எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிப்ரவரி 9. செவ்வாய்.

வேடசந்தூர் முடிந்தது. பன்னிரண்டு வீடு. படிவங்களை எண் போட அக்காவிடம் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 12. வெள்ளி.

ஆபீசர் என் படிவங்களைத் தூக்கிக் காட்டினார், எல்லார் முன்னாலும். "நம்பர் போட்டா இப்படிப் போடணும். ஒரு அடித்தல் இல்ல, ஒரு தப்பு இல்ல. இந்த ஏழுக்குக் குறுக்க ஒரு கோடு பாருங்க. ஒண்ணையும் ஏழையும் எவனும் குழப்ப முடியாது."

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எழுத்து மட்டும் ஏன்யா கோழி கிண்டின மாதிரி இருக்கு?" என்றார்.

"எழுத்து என்னோடது சார். எண்ணு எங்க கணக்கு வாத்தியார் அடிச்ச அடி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மதியம் பிலோமினா வந்தாள். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த பெண், கெட்டிக்காரி. எண் போடுவதில்தான் குழம்புவாள். "அண்ணே, இந்தத் தடவையும் என்னோட பன்னெண்ட நீங்க கொஞ்சம் பாத்துக் குடுப்பீங்களா?" ஒரு சீப்பு சிறுமலைப் பழமும் கொண்டுவந்திருந்தாள். இதிலென்னம்மா, கொடு என்று வாங்கிக்கொண்டேன். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்களுடையதைக் கொடுத்தார்கள்.

அக்கா கட்டைக் கையில் வாங்கி, "எத்தன?" என்றாள்.

"முப்பத்தாறு. அவசரமில்லக்கா."

"நம்மளது பன்னெண்டுதான?"

பழத்தைக் கொடுத்தேன். அவளுக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி 19. வெள்ளி.

கையெழுத்துப் போட வந்த சுற்றறிக்கை ஒன்று தவறுதலாக என் கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதை அக்கா படித்திருக்கிறாள். நான் காபி குடிக்கும்போது கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

படிவங்களுக்கு எண் போட எட்டுப் பேர் வேண்டும். தற்காலிகம், இரண்டு வருஷம். ஏதாவதொரு பட்டம். ஐம்பது வயது நிரம்பியிருக்கக் கூடாது. கணக்கெடுப்புப் படிவங்களில் ஆறு மாதமாவது வேலை பார்த்த அனுபவம், அதற்கு அதிகாரியின் சான்றிதழ். கடைசித் தேதி மார்ச் 19.

"சௌந்தரம், இதுக்கு நான் போடலாம்ல?" என்றாள். "எனக்கு ஜூன்லதான் அம்பது நெறையுது."

அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கா எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. திடுக்கென்று இருந்தது. அந்தத் திடுக்கில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அனுபவம் கேட்டிருக்கான்க்கா. ஒனக்கு ஏது அனுபவம்?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குக்கர் விசில் அடித்தது. உள்ளே போனாள்.

பிப்ரவரி 20. சனி.

நான் சொன்னதில் சட்டப்படி தவறு கிடையாது. படிவத்தில் இருப்பது ஊராரின் சொந்த விஷயம். வெளியாள் கண்ணில் படக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அக்காதான் எண் போடுகிறாள் என்று தெரிந்தால் சஸ்பென்ஷன். இதை யோசிக்காமல் அவள் கேட்கலாமா?

விஜயாவிடம் சொன்னேன். "மதினி வேலைக்குப் போயிட்டா வீட்ட யாரு பாக்குறது? எனக்கு ஷிப்ட் மாறி மாறி வருது" என்றாள். அது நியாயமான கேள்வி. கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

பிப்ரவரி 24. புதன்.

தேடிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக்கு அடியில் அக்காவின் விண்ணப்பம் இருந்தது. தபால் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அவளே போய் வாங்கி வந்து நிரப்பியிருக்கிறாள். பிறந்த தேதி 17-6-1949. படிப்பு, மதிப்பெண், வருஷம் எல்லாம் பேனாவில். அனுபவம் என்ற இடம் மட்டும் காலி.

"மத்ததெல்லாம் எழுதிட்டேன். இந்த ஒரு எடம் மட்டும், ஆபீசர்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லு. நான் செஞ்சதச் சொன்னா ஒத்துக்கிருவாரான்னு."

"சரிக்கா. கேக்குறேன்."

விண்ணப்பத்தைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 26. வெள்ளி.

"கேட்டியா?"

"ஆபீசர் லீவுக்கா."

ஆபீசர் லீவு இல்லை.

மார்ச் 1. திங்கள்.

"கேட்டியா?"

"இன்னிக்கு மீட்டிங்."

மீட்டிங் காலையில் அரைமணிதான். அவரோடு டீ குடித்தேன். வேறு ஏதேதோ பேசினோம்.

அக்கா அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்டால்கூடப் பரவாயில்லை என்றிருக்கிறது.

மார்ச் 3. புதன்.

அடுத்த சுற்று டவுனுக்குள். குலுக்கலில் எங்கள் தெரு வந்திருக்கிறது. அதில் பன்னிரண்டு வீட்டைப் பொறுக்கியதில் ஒன்பதாவது எங்கள் வீடு! அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. சொந்த வீட்டை நான் எடுக்கக் கூடாது, பிலோமினா வருவாள். "உங்க வீடாச்சே, தகவல் சுத்தமா வரும்" என்றார் ஆபீசர்.

வீடு பூட்டிக் கிடந்தால் அடுத்த வீட்டை எடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. மூன்று பேரும் ஒருநாள் பழனிக்குப் போய்விட்டால் என்ன என்று யோசித்தேன். விஜயாவுக்கு லீவு இல்லை.

மார்ச் 9. செவ்வாய்.

காலை ஏழரைக்கே பிலோமினா வந்துவிட்டாள். அவளுடைய போன வாரத்துப் படிவக்கட்டு கூடத்தில்தான் இருந்தது. அதை அரிசி டின்மேல் வைத்துத் துண்டைப் போட்டு மூடினேன். தன் மகளின் பச்சை ரிப்பனில் கட்டித் தருவது அவள் வழக்கம். ரிப்பன் நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்ததை, அவள் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்.

முதலில் நான். பிறகு விஜயா, சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள். அப்புறம் அக்கா. ஒருவர் சொல்லும்போது மற்றவர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. நான் பேப்பரை விரித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

"நேத்துக் காலைல நாலு மணிலருந்து சொல்லுங்கக்கா."

அக்கா தடுமாறாமல் சொன்னாள். நாலரைக்கு எழுந்தது, வாசல், பால், எனக்கு வெந்நீர், விஜயாவுக்குச் சாப்பாட்டு டப்பா, கடை, துணி, ரேஷன் கடை வரிசை. எத்தனை மணிக்கு எது என்று கடிகாரம் பார்த்த மாதிரி. இவ்வளவு நேர்த்தியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாற்பத்தெட்டு வரியும் எப்படி எழுதப்படும் என்று அவளுக்குத்தான் தெரியுமே.

"ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். ரெண்டுவரைக்கும் பாத்திரம்."

"ரெண்டு மணிக்கு மேல?"

 பேப்பரில் ஒரே வரியை நான் மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். இருமினேன். இருமல் வரவில்லை, நானாகத்தான் இருமினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சும்மாதான் இருந்தேன்" என்றாள்.

பிலோமினா எழுதவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டாள். "சும்மான்னா எப்படிக்கா? தைக்கிறது, படிக்கிறது, எழுதுறது, ஏதாச்சும்?"

"இல்ல."

"வேற?"

"படுத்திருந்தேன்னு போட்டுக்கம்மா. நாலரைவரைக்கும்."

பிலோமினா தலையைத் தூக்கி அரிசி டின் பக்கம் பார்த்தாள். பிறகு அக்காவின் வலது கை நடுவிரலைப் பார்த்தாள். அதில் மை பட்டு எப்போதும் ஒரு நீலத் தடம் இருக்கும். பார்த்துவிட்டு, 'ஓய்வு' என்று ஐந்து வரியிலும் மெதுவாக எழுதினாள். அவள் எதையும் கவனித்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

போகும்போது அக்காவிடம், "வர்றேன்க்கா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. மறந்திருப்பாள்.

நேற்று மகளிர் தினம் என்று அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு ஜாங்கிரி கொடுத்தார்கள். அதைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். அதை நேற்றைய கணக்கில் சொல்வாளோ என்று ஏன் பயந்தேன் என்று தெரியவில்லை. எனக்குப் புத்தி சரியில்லை.

மார்ச் 11. வியாழன்.

பிலோமினா எங்கள் தெருப் படிவம் பன்னிரண்டையும் எண் போடக் கொடுத்தாள். வீட்டு வரிசைப்படிதான் எப்போதும் கட்டுவாள். இந்த முறை ஒன்பதாவது வீடு மேலே இருந்தது. அவசரமாகக் கட்டியிருப்பாள்.

எங்கள் வீட்டுப் படிவத்தை மட்டும் உருவி நானே எண் போட்டுவிடலாம் என்று பஸ்ஸில் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கட்டை அப்படியே அக்காவின் பெட்டிமேல் வைத்துவிட்டேன். மறந்துபோயிற்று. மறக்கவில்லை, எண் புத்தகம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

மார்ச் 13. சனி.

மத்தியானமே முடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எல்லாம் போட்டாச்சு. அஞ்சு கட்டம் மட்டும் விட்ருக்கேன். அத நீயே போட்டுக்க."

இத்தனை நாளில் அக்கா கையிலிருந்து ஒரு கட்டம் காலியாக வந்ததில்லை. எது என்று கேட்கவில்லை. அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படிவம், அவளுடைய தாள். இரண்டு மணி, இரண்டரை, மூன்று, மூன்றரை, நாலு. எதிரே பிலோமினாவின் எழுத்தில் ஓய்வு, ஓய்வு, ஓய்வு, ஓய்வு, ஓய்வு.

கட்டின்மேல் அவள் வைத்திருந்த எண் புத்தகத்தைப் புரட்டினேன். நூற்றைம்பதுக்கு மேல் எண்கள். சமையல் எங்கே இருக்கிறது, சாணி எங்கே இருக்கிறது, எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. கால்மணி நேரம் தேடினேன். பயிற்சி வகுப்பில் புதுசுகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். கடைசியில் கூடத்திலிருந்தே கேட்டேன்.

"அக்கா, ஓய்வுக்கு என்ன நம்பர்?"

அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு. கடைசிப் பக்கம், கடைசி வரி."

துருவுகிற சத்தம் மறுபடி கேட்டது. ஐந்து முறை எழுதினேன். என் ஒன்பது ஒன்பது மாதிரியே இல்லை. வெட்கமாக இருக்கிறது. இதை வேறு எந்த வார்த்தையில் எழுதினாலும் பொய். வெள்ளைத்தாயின் புருஷனை ஊர் முன்னால் கேலி செய்துவிட்டு வந்தவன் நான். அவனாவது அறியாமல் சொன்னான்.

மார்ச் 15. திங்கள்.

படிவங்களைக் கொடுத்தாயிற்று. தலைவலி.

மார்ச் 17. புதன்.

பதினொரு மணிக்கு ஆபீசர் கூப்பிட்டார். மேஜைமேல் எங்கள் வீட்டுப் படிவம்.

"யாரோ இதுல கை வச்சிருக்காங்க சௌந்தரபாண்டியன். மத்ததெல்லாம் உங்க நம்பர். இந்த அஞ்சு கட்டத்தப் பாருங்க. நம்பரா இது? உங்க வீட்டுப் படிவம் வேற. நாளைக்கு யாராச்சும் கேட்டா, நாமதான் திருத்திட்டோம்பாங்க."

"வீட்ல யாரோ கிறுக்கிட்டாங்க போல சார்."

அது எவ்வளவு சுலபமாக வந்தது! யோசிக்கக்கூட இல்லை.

"வீட்ல யாரையும் படிவத்தத் தொட விடாதீங்க" என்று சொல்லி, ஐந்து கட்டத்திலும் வெள்ளைத்தாள் ஒட்டி, பேனாவை என் பக்கம் தள்ளினார். "ஒக்காருங்க. உங்க கையால அழகா எழுதி, ஓரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க."

உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் 991 எழுதினேன். முடிந்தவரை அக்காவுடையது மாதிரி எழுதப் பார்த்தேன். முன்னைவிட மோசமாக வந்தது. இரண்டாவது கட்டமும் அப்படியே. ஆபீசர் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

கை சுளுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இந்த அஞ்சும்தான் சார் என் கையெழுத்து" என்றேன். "மத்ததெல்லாம் எங்க அக்கா."

  பையிலிருந்து அக்காவின் விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூன்று வாரமாகப் பையிலேயே கிடந்து ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. அவர் அதைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறந்த தேதியில் இருந்த ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு. அந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு விரல் கீழே இறங்கி, காலியாக இருந்த அனுபவம் என்ற இடத்தில் நின்றது.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா சார். இந்த சர்வேக்கு மட்டும்."

"சரி. அத எழுதிக் குடுங்க. செஞ்சது யாருன்னு எழுதுறதுதான நம்ம உத்தியோகமே. எழுதிக் குடுத்தா, அந்தக் காலத்துக்கு அவங்களுக்குச் சான்றிதழ் தர்றேன். உங்களுக்கு மெமோ தர்றேன். ரெண்டும் ஒரே நாள்ல வரும். விண்ணப்பம் இங்கயே இருக்கட்டும்."

வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். இனி நேராக நடக்கலாம் என்றெல்லாம் தோன்றியது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளான்னு சொன்ன?"

"ரெண்டு மாசம்னு."

உரிப்பது நின்றது.

"ஆறு மாசம் வேணும்னு போட்டிருக்கேடா."

அது எனக்கு ஞாபகமே இல்லை. இல்லை, பொய். சுற்றறிக்கையைப் படித்தவன்தான் நான். ரெண்டு மாசம் என்று சொன்னால் மெமோ சின்னதாக வரும் என்று, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு நொடியில் என் புத்தி கணக்குப் போட்டிருக்கிறது. உண்மையைச் சொல்லும்போதுகூட அவள் பங்கில்தான் கை வைத்திருக்கிறேன்.

அக்கா அழவில்லை, திட்டவில்லை. "இதுக்கு நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள். பூண்டுத் தோலை ஊதிவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 18. வியாழன்.

லீவு போட்டேன். இரண்டு மணிக்கு அக்கா பாத்திரம் கழுவி முடித்ததும், தாளும் பேனாவுமாக அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"என்ன?"

"எப்பருந்துன்னு சொல்லுக்கா. நான் எழுதுறேன்."

"ஒனக்கே தெரியாதா?"

"தெரியாது" என்றேன். நிஜமாகவே தெரியாது.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். தொண்ணூற்றைந்து சித்திரையில் கால்நடைக் கணக்கு. எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தேன், நாள் கடந்துவிடும் என்று அவளாகவே உட்கார்ந்து போட்டாளாம். நான் எழுந்த பிறகும் அது அவளிடமே நின்றுவிட்டது. அடுத்து குடும்பச் செலவு சர்வே, பதினோரு மாதம். அதற்கடுத்து சிறுதொழில்.

"வேற?"

"கூட்டல் சரிபாக்குறது."

"வேற?"

"மத்தவங்க குடுத்துவிட்டது. போன வருஷம் மட்டும் நானூறுக்கு மேல இருக்கும்."

"வேற?"

"ஒன் டிபார்ட்மென்ட் பரீட்சைக்குக் குறிப்பு எழுதிக் குடுத்தேன். அது இதுல வராது."

"வரும். சொல்லு."

சொல்லிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். எனக்குத் தாள் ஒன்று போதவில்லை, இன்னொன்று எடுத்தேன். நாலரைக்குப் பால்காரர் மணி அடித்தார். எழப்போனவளை உட்காரச் சொல்லிவிட்டு நான் போய் வாங்கினேன். எந்தப் பாத்திரத்தில் வாங்குவது என்று தெரியாமல் தயிர்ச் சட்டியில் வாங்கிவிட்டேன்.

"நான் அழகா எழுதித் தரவா?" என்றாள், என் எழுத்தைப் பார்த்துவிட்டு.

வேண்டாம் என்றேன்.

மார்ச் 19. வெள்ளி.

பத்து மணிக்கு ஆபீசரிடம் கொடுத்தேன். இரண்டு தாள். நாலு வருஷம் என்று முதல் வரியில் எழுதியிருந்தேன். ஹாலில் எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள், கதவு திறந்தே இருந்தது. பிலோமினா முன்வரிசை மேஜையில்.

ஆபீசர் கண்ணாடியை மாட்டினார். தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"ஒண்ணும் புரியலய்யா. யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"அவங்க விண்ணப்பத்துல இத நான் எழுதணும். ஒரு எழுத்துகூடப் படிக்க முடியல. நின்னு படிச்சுக் காட்டுங்க."

கதவைச் சாத்தட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் பேனாவைத் திறந்து, அக்காவின் விண்ணப்பத்தில் அந்தக் காலி இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஹாலில் தாள் புரட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பிலோமினா தலையைத் தூக்கவில்லை.

"கொஞ்சம் சத்தமாப் படிங்க" என்றார்.

முதல் வரியிலிருந்து படித்தேன்.